விஞ்ஞான, கணிதக் கல்வி ஆய்வுக்கு நிதி தேடுவோருக்கு: கொழும்பிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

பாடசாலையில் விஞ்ஞானமும் கணிதமும் எப்படிக் கற்பிக்கப்படுகின்றன, பிள்ளைகள் எங்கே தடுமாறுகிறார்கள் என்பதை ஆராய இலங்கையில் பணம் இல்லை என்பது பாதி உண்மைதான். இந்தத் துறையின் பெயரைத் தலைப்பில் போட்டு வரும் அழைப்புகள் அரிது. பணம் வேறு பெயர்களில் கிடக்கிறது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. விஞ்ஞான நிதியிடம் போனால் "இது கல்வியியல்" என்பார்கள். மனிதப்பண்பியல், சமூக விஞ்ஞான நிதியிடம் போனால் "இது விஞ்ஞான பீடத்து வேலை அல்லவா" என்பார்கள். இரண்டும் கெட்டான் நிலை. ஆகவே எந்தக் கதவைத் தட்டுவது என்று முதலில் முடிவெடுத்து, அதற்கு ஏற்றபடி கேள்வியை வடிவமைக்க வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: முப்பது பக்க முன்மொழிவை எழுதி முடித்த பிறகுதான் எங்கே அனுப்பலாம் என்று தேடுகிறார்கள்.

படி 1: யார் பெயரில் விண்ணப்பிப்பது

ஏறக்குறைய எல்லா நிதி நிறுவனங்களும் பணத்தை ஆளுக்கு அல்ல, நிறுவனத்துக்கே அனுப்பும். முதன்மை ஆய்வாளர் ஒரு பல்கலைக்கழகத்தையோ அரச நிறுவனத்தையோ இலாப நோக்கற்ற அமைப்பையோ சேர்ந்தவராக இருக்க வேண்டும். அதனால் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதே முதல் வடிகட்டி.

கல்விப் பீடத்து விரிவுரையாளர் என்றால் சமூக விஞ்ஞானக் கதவுகள் நேராகத் திறக்கும். விஞ்ஞான பீடத்தில் பௌதிகவியலோ கணிதமோ படிப்பித்துக்கொண்டு கற்றல் பற்றி ஆராய விரும்புபவர், கல்விப் பீடத்திலிருந்து ஒருவரை இணை ஆய்வாளராகச் சேர்த்துக்கொள்வது நல்லது. இதில் பெயரளவுச் சேர்க்கை வேண்டாம். மதிப்பீட்டாளர் பார்க்கும் முதல் இடமே இணை ஆய்வாளரின் வேலைப் பங்குதான். "ஆலோசனை வழங்குவார்" என்ற ஒரு வரி மட்டும் இருந்தால் புள்ளி போய்விடும். "வகுப்பறை அவதானிப்புப் படிவத்தை உருவாக்கி, அவதானித்ததை வகைப்படுத்திக் குறிமுறை இடுபவர்களைப் பயிற்றுவிப்பார்" என்று எழுதினால் நிற்கும்.

மஹரகமவில் உள்ள தேசிய கல்வி நிறுவகத்தில் இருப்பவர்களுக்குப் பாடத்திட்டமும் ஆசிரியர் கைந்நூலும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. பல்கலைக்கழகக் குழுக்கள் அவர்களைத் தேடிப் போய்ச் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1985 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான அந்த நிறுவகத்தின் ஆள் ஒருவர் குழுவில் இருந்தால், "முடிவுகள் நடைமுறைக்குப் போகுமா" என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்கும்.

பாடசாலை ஆசிரியர் தனியாக முதன்மை ஆய்வாளர் ஆவது கடினம். அவருக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, விரிவுரையாளர் ஒருவரின் குழுவில் இணை ஆய்வாளராகச் சேர்வது. மற்றது, பட்டப்பின் படிப்புக்குள் ஆய்வைக் கொண்டுவருவது. கொழும்புப் பல்கலைக்கழகக் கல்விப் பீடம், நாவலையில் உள்ள திறந்த பல்கலைக்கழகம், விஞ்ஞானக் கல்வியில் முதுமாணி நடத்தும் பேராதனைப் பட்டப்பின் விஞ்ஞான நிறுவகம் ஆகியவற்றை முதலில் பார்க்கலாம்.

படி 2: உள்நாட்டுக் கதவுகள்

கொழும்பு 7, மேட்லண்ட் பிளேசில் உள்ள தேசிய விஞ்ஞான மன்றத்தில் தொடங்குங்கள். 1968 இல் தேசிய விஞ்ஞானப் பேரவையாக ஆரம்பித்து, 1981 இல் நரேசா (இயற்கை வளங்கள், சக்தி, விஞ்ஞான அதிகாரசபை) ஆகி, 1994 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இன்றைய வடிவத்துக்கு வந்த நிறுவனம் இது. போட்டி அடிப்படையிலான ஆய்வு நிதியை வழங்குகிறது. விஞ்ஞானத்தை மக்களிடம் கொண்டுசெல்லும் முயற்சிகளுக்கும் ஆதரவு தருகிறது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். பாடசாலையில் விஞ்ஞானக் கண்காட்சி நடத்துவது இரண்டாவதற்குள் வரும், அதற்கு ஆய்வு நிதி கேட்டால் கிடைக்காது. மன்றம் இலங்கை சமூக விஞ்ஞான ஆய்விதழையும் வெளியிடுகிறது. சமூக விஞ்ஞானம் தங்கள் வரம்புக்குள் அடங்கும் என்று அவர்களே ஏற்றுக்கொண்டதற்கு அது ஆதாரம். முன்மொழிவில் துறை என்ற இடத்தில் எதைக் குறிப்பது என்பதை அழைப்பு வந்தவுடன் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். தவறான குழுவுக்குப் போன முன்மொழிவை விவசாய இரசாயனம் தெரிந்தவர்கள் மதிப்பிட நேரலாம்.

இணையத்தில் இந்த மன்றத்தின் ஆங்கிலச் சுருக்கமான என்.எஸ்.எஃப். என்று தேடினால் முதலில் வருவது அதே பெயருள்ள அமெரிக்காவின் மன்றம். அதன் கல்விப் பிரிவில் விஞ்ஞான, கணிதக் கல்வி ஆய்வுக்கு என்றே பெரிய திட்டங்கள் உண்டு. பார்த்தால் வாயூறும். ஆனால் அவை அடிப்படையில் அமெரிக்க நிறுவனங்களுக்கானவை. இலங்கைப் பல்கலைக்கழகம் நேரடியாக விண்ணப்பிக்கும் வழி அதுவல்ல. அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று முதன்மையாக நின்று உங்களையும் கூட்டாளியாகச் சேர்த்தால்தான் பேச்சு.

என்.ஆர்.சி. என்று அழைக்கப்படும் தேசிய ஆராய்ச்சிப் பேரவை 1999 இல் தொடங்கப்பட்டு, 2016 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டத்தால் சட்டபூர்வமானது. அதன் நாட்டம் விஞ்ஞானமும் தொழில்நுட்பமும்தான். வெறும் கல்வியியல் கேள்வியோடு அங்கே போவது நேர விரயம். மலிவான ஆய்வுகூடக் கருவி ஒன்றை உருவாக்கி அதைப் பாடசாலையில் சோதிப்பது போன்ற, பாதி தொழில்நுட்பமும் பாதி கற்றலுமான திட்டம் என்றால் முயலலாம்.

பலரும் கவனிக்காத கதவு ஒன்று வார்ட் பிளேஸ் பக்கம் இருக்கிறது: மனிதப்பண்பியல், சமூக விஞ்ஞானங்களுக்கான தேசிய உயர்கல்வி நிலையம். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கீழ் 2005 இல் தொடங்கப்பட்டது. என்காஸ் என்றால் எல்லோருக்கும் தெரியும். அரச பல்கலைக்கழகங்களில் இந்தத் துறைகளைச் சேர்ந்த விரிவுரையாளர்களின் கலாநிதிப் பட்ட ஆய்வுகளுக்கு நிதி தருகிறது. கல்விப் பீடத்தில் கணிதக் கல்வி ஆராய்பவருக்கு இது பொருந்தும். விஞ்ஞான பீடத்தில் அதே ஆய்வைச் செய்பவருக்குப் பொருந்துவது ஐயமே. ஒரே கேள்வி, ஒரே வகுப்பறை, ஆனால் பீடத்தின் பெயர்ப்பலகை தீர்மானிக்கிறது. நியாயமா என்றால் இல்லை.

பெரிய நிதிக்குப் போகுமுன் உங்கள் பல்கலைக்கழகத்தின் சொந்த ஆய்வு மானியத்தை வாங்கிவிடுங்கள். தொகை சிறிது. முன்னோடி ஆய்வுக்கும் வினாத்தாள் மொழிபெயர்ப்புக்கும் அது போதும். அடுத்த விண்ணப்பத்தில் "முன்னோடி ஆய்வில் 60 மாணவர்களிடம் சோதித்தோம்" என்று எழுத முடிவதன் பெறுமதி அந்தத் தொகையைவிட அதிகம். இலங்கை விஞ்ஞான முன்னேற்றச் சங்கத்தின் வருடாந்த அமர்வில் அந்தச் சிறு ஆய்வை வாசித்துவிடுங்கள். 1944 இல் தொடங்கிய அந்தச் சங்கத்தில் சமூக விஞ்ஞானத்துக்கு எஃப் என்ற தனிப் பிரிவே உண்டு.

உலக வங்கிக் கடனில் நடந்த உயர்கல்வி விரிவாக்கத் திட்டமான அஹெட் போன்றவை வரும்போது பல்கலைக்கழகங்களுக்குப் பெரிய தொகைகள் வருகின்றன. அவை முடியும்போது கதவும் மூடப்படுகிறது. பழைய அழைப்புகள் இணையத்தில் அப்படியே கிடக்கும். ஆண்டைப் பார்த்துவிட்டு வாசியுங்கள்.

படி 3: வெளிநாட்டுக் கதவுகள்

அமெரிக்காவின் ஸ்பென்சர் அறக்கட்டளையின் சிறு ஆய்வு மானியம்தான் நம் நிலைக்கு மிக நெருக்கமானது. கல்வி ஆய்வு மட்டுமே அவர்களின் வேலை. 50,000 டொலர் வரை, 1 முதல் 5 ஆண்டு வரை. வேறு நாட்டு நிறுவனங்களும் விண்ணப்பிக்கலாம். முன்மொழிவு ஆங்கிலத்திலும் பாதீடு அமெரிக்க டொலரிலும் இருக்க வேண்டும். முதன்மை ஆய்வாளருக்குக் கலாநிதிப் பட்டம் அல்லது அதற்கு ஈடான ஆய்வு அனுபவம் தேவை. சிறு மானியத்தில் மேந்தலைச் செலவுக்கு, அதாவது நிறுவனத்தின் பொது நிர்வாகச் செலவுக்கு, இடமில்லை. உங்கள் பல்கலைக்கழகம் வெளிநாட்டு நிதியில் ஒரு வீதத்தைக் கழித்துக்கொள்ளும் வழக்கம் உள்ளதென்றால், விண்ணப்பிக்கும் முன்பே நிதியாளரிடம் எழுத்தில் விலக்குக் கேளுங்கள். பணம் வந்தபின் கேட்டால் பேரவைக் கூட்டம் வரை இழுபடும்.

தலைப்பை அவர்கள் தருவதில்லை. நீங்கள் கேட்கும் கேள்வி இலங்கைக்கு வெளியே உள்ளவருக்கும் ஏன் முக்கியம் என்று காட்ட வேண்டும். "கொழும்பு மாவட்டத்தில் இதுவரை யாரும் ஆராயவில்லை" என்பது அங்கே செல்லாத காரணம். ஒரே பாடத்திட்டத்தை மூன்று மொழிகளில் கற்பிக்கும் நாட்டில் மட்டுமே சோதிக்கக்கூடிய கேள்வி என்றால் செல்லும்.

பாடசாலை ஆசிரியர்களுக்கு ஜப்பான் அரசின் ஆசிரியர் பயிற்சிப் புலமைப்பரிசில் உண்டு. 35 வயதுக்குக் குறைந்தவராகவும், பாடசாலையிலோ கல்வி நிர்வாகத்திலோ மொத்தம் 5 ஆண்டு சேவை செய்தவராகவும் இருக்க வேண்டும். காலம் ஒன்றரை ஆண்டு, அதற்குள் ஜப்பானிய மொழிப் பயிற்சியும் அடங்கும். பல்கலைக்கழக விரிவுரையாளருக்கு இது இல்லை. விண்ணப்பம் கொழும்பிலுள்ள ஜப்பான் தூதரகத்தின் ஊடாகப் போகும். கிடைப்பது பட்டம் அல்ல, பல்கலைக்கழகம் தரும் சான்றிதழ். ஆனால் கணித ஆசிரியர்கள் கூடிப் பாடத்தைத் திட்டமிட்டு, ஒருவர் கற்பிக்க மற்றவர்கள் அவதானித்துத் திருத்தும் ஜப்பானிய முறையை அதன் ஊரிலேயே பார்க்கலாம்.

இங்கே கலாநிதிப் பட்டத்துக்குப் பதிந்திருப்பவர்கள் பொதுநலவாயப் புலமைப்பரிசில்களில் பிரிநிலை வகையைப் பாருங்கள். பட்டம் இங்கேதான், ஓராண்டு வரை பிரித்தானியப் பல்கலைக்கழகமொன்றில் வேலை. தரவு சேகரித்து முடித்து, பகுப்பாய்வுக்கு முன் போவதுதான் புத்தி. படிப்பின் தொடக்கத்திலேயே போனவர்கள் பாடசாலைகளை விட்டுவிட்டு நூலகத்தில் உட்கார்ந்திருக்க நேரிடும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் பிளஸ் திறன்விருத்தித் திட்டத்தில் இலங்கைக்கு இடமுண்டு. தொகை லட்சக்கணக்கான யூரோ. ஆனால் அது பாடநெறி உருவாக்கவும் பயிற்சிக்கும்தான், ஆய்வு அதில் ஓர் ஓரம். ஐரோப்பியக் கூட்டாளிகளும் கனத்த நிர்வாக வேலையும் உண்டு. முதல் விண்ணப்பமாக இதைத் தொடாதீர்கள்.

மூன்றாம் உலக நாடுகளுக்கு என்று பெயர் பெற்ற ட்வாஸ் (உலக விஞ்ஞானக் கழகம்) மானியங்களைப் பலர் பரிந்துரைப்பார்கள். அவை உயிரியல், இரசாயனம், கணிதம், பௌதிகம் என்ற அடிப்படை விஞ்ஞானங்களுக்கானவை. கணிதத்துக்குத் தருவார்கள் என்பதால் கணிதக் கல்விக்கும் தருவார்கள் என்று எண்ண வேண்டாம்.

மாநாட்டுப் பயணத்துக்குக் கிடைக்கும் சிறு உதவிகளும் உண்டு. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் சர்வதேச கணிதக் கல்வி மாநாட்டில் பதிவுக் கட்டணத்தின் ஒரு பகுதியை வசதி குறைந்த நாட்டுப் பங்கேற்பாளர்களுக்கு ஒதுக்குவது வழக்கம். அடுத்தது 2028 இல் பிராகில். பி.எம்.ஈ. எனப்படும் கணிதக் கல்வி உளவியல் குழுவில் ரிச்சர்ட் ஸ்கெம்ப் நினைவு நிதி இதே நோக்கத்துக்கானது. இவற்றுக்குப் பெரும்பாலும் உங்கள் கட்டுரை ஏற்கப்பட்டிருக்க வேண்டும். பணம் பற்றிய முடிவு கட்டுரை முடிவுக்குப் பின்னரே வரும். மும்பாயில் ஹோமி பாபா விஞ்ஞானக் கல்வி மையம் நடத்தும் எபிஸ்டீம் மாநாடு நமக்கு மிகக் கிட்ட, செலவும் குறைவு. மொழி, வகுப்பறை நெரிசல், பரீட்சை அழுத்தம் எல்லாம் அவர்களுக்கு விளக்கம் சொல்லாமலே புரியும்.

படி 4: கேள்வியைக் கூர்மையாக்குவது

நிராகரிக்கப்படும் முன்மொழிவுகளில் அடிக்கடி காணும் தலைப்பு: "மாணவர்களின் கணித அடைவு மட்டம் குறைவதற்கான காரணங்கள்." இதற்குப் பதில் எழுத ஆய்வே வேண்டாம். வறுமை, ஆசிரியர் பற்றாக்குறை, டியூஷன், பெற்றோர் அக்கறை என்று எந்த ஆசிரியரும் தேநீர் வேளையில் சொல்லிவிடுவார்.

மாறாக, தரம் 6 பிள்ளையிடம் இதைக் கொடுங்கள்: 8 + 4 = __ + 5. சரியான விடை 7. ஒரு பிள்ளை 12 என்று எழுதும். சமன்குறியைக் கண்டதும் முன்னால் உள்ளதைக் கூட்டி விடை எழுத வேண்டும் என்று அது எண்ணுகிறது. இன்னொரு பிள்ளை 17 என்று எழுதும், கண்ணில் பட்ட எல்லாவற்றையும் கூட்டிவிட்டது. இரண்டும் பிழைதான், ஆனால் இரண்டும் ஒரே பிழை அல்ல. பிற நாட்டு ஆய்வுகளில் நன்கு பதிவான விஷயம் இது. இதிலிருந்து ஒரு கேள்வி எழுகிறது: சமன்குறியை "விடை வரும் இடம்" என்று கொள்ளும் பிள்ளைகள் தரம் 8 இல் ஒருபடிச் சமன்பாட்டில் எங்கே தடுக்கி விழுகிறார்கள், நான்கு வாரப் பாட மாற்றம் அதைத் திருத்துமா? இதற்கு வினாத்தாள் எழுதலாம், ஆட்களை எண்ணலாம், செலவைக் கணக்கிடலாம். மதிப்பீட்டாளர் விஞ்ஞான பீடத்தவரானாலும் கல்விப் பீடத்தவரானாலும் ஒரே வாசிப்பில் புரியும். இரண்டும் கெட்டான் பிரச்சினையை வெல்ல இதைவிட நல்ல வழி கிடையாது.

இருக்கும் கருவியைப் பயன்படுத்துவதானால் அனுமதியைப் பாருங்கள். விசை பற்றி மாணவர் எண்ணக்கருவைச் சோதிக்க 1992 இல் வெளிவந்து உலகெங்கும் பயன்படும் பௌதிகவியல் வினாத்தொகுதியை ஆய்வாளர்கள் இலவசமாகப் பெறலாம், ஆனால் விடைகளோடு பொதுவெளியில் போடக்கூடாது. அதைத் தமிழாக்கி இணையத்தில் ஏற்றிவிட்டால் அடுத்த ஆண்டு டியூஷன் வகுப்பில் அது "மாதிரி வினாத்தாள்" ஆகிவிடும். பிறகு எதையும் அளக்காது.

படி 5: எத்தனை பாடசாலை, எத்தனை பிள்ளை

பெரும்பாலான முன்மொழிவுகள் உடைவது இங்கே. "20 வகுப்புகள், வகுப்புக்கு 35 பேர், மொத்தம் 700 மாணவர்கள்" என்று எழுதுகிறார்கள். 700 பெரிய எண் போலத் தெரிகிறது. ஆனால் ஒரே வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரே ஆசிரியர், ஒரே சூழல். அவர்களின் விடைகள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். அந்த ஒற்றுமையை உள்வகுப்பு இணைவு என்பார்கள். அதை 0.2 என்று வைத்துக்கொண்டு, அதனால் தகவல் எத்தனை மடங்கு சுருங்குகிறது என்பதை (வடிவமைப்பு விளைவு) கணக்கிட்டால்:

வடிவமைப்பு விளைவு = 1 + (35 − 1) × 0.2 = 7.8

700 ஐ 7.8 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 90. அதாவது 700 பேரிடம் தரவு எடுத்தும் 90 பேர் அளவுக்கே தகவல். இப்போது அதே 20 வகுப்புகளில் எழுமாற்றாக 15 பேரை மட்டும் எடுங்கள். விளைவு 1 + 14 × 0.2 = 3.8. 300 பேர், பயனுள்ள அளவு 79. பாதிக்கும் குறைந்த வேலையில் கிட்டத்தட்ட அதே தகவல். மிச்சமான பணத்தில் வகுப்புகளை 40 ஆக்கினால் 600 பேர், பயனுள்ள அளவு 158. பிள்ளைகளைக் கூட்டுவதைவிடப் பாடசாலைகளைக் கூட்டுவதே இலாபம். இந்தக் கணக்கை முன்மொழிவில் நான்கு வரியில் போட்டாலே மதிப்பீட்டாளரின் தொனி மாறும்.

எண்ணிக்கையை எழுதுமுன் வலயத்தில் உண்மையில் எத்தனை பாடசாலை இருக்கிறது என்று பாருங்கள். கொழும்பு மாவட்டத்தில் கொழும்பு, ஸ்ரீ ஜயவர்தனபுர, பிலியந்தலை, ஹோமாகம என நான்கு கல்வி வலயங்கள். தமிழ்மொழி மூலப் பாடசாலைகள் அவற்றில் சமமாகப் பரந்திருக்கவில்லை. ஹோமாகமவில் "எழுமாற்றாக 10 தமிழ்மொழி மூலப் பாடசாலைகள்" என்று கொழும்பில் இருந்துகொண்டு எழுதினால், கல்வி அமைச்சின் பாடசாலைத் தொகைமதிப்பைத் தெரிந்த மதிப்பீட்டாளர் சிரிப்பார்.

படி 6: பாதீடு

தொகையிலிருந்து தொடங்கி அதை நிரப்பப் பார்க்கக்கூடாது. வேலையை மணித்தியாலமாக உடைத்து, பிறகு ரூபாயாக்க வேண்டும்.

மேலே சொன்ன 300 பேருக்கு முன்சோதனை, பின்சோதனை என்றால் 600 விடைத்தாள். ஐந்தில் ஒரு பங்கை இரண்டாமவர் தனியாகத் திருத்த வேண்டும், இல்லையேல் திருத்துபவர்களின் உடன்பாட்டைக் கணிக்க முடியாது. அது 120. மொத்தம் 720 தாள். பிழையின் வகையைக் குறிமுறையிட்டுத் திருத்தத் தாளுக்கு 6 நிமிடம் என்றால் 72 மணித்தியாலம், 9 வேலைநாள். மாணவர் வராமை, பாடசாலை விலகல் எல்லாம் சேர்ந்து பின்சோதனையில் குறையும். ஆகவே வகுப்புக்கு 15 வேண்டுமென்றால் 18 பேரில் தொடங்குங்கள்.

ஒலி, ஒளிப்பதிவுதான் பாதீட்டைச் சாப்பிடும். 24 பாடங்கள், ஒவ்வொன்றும் 40 நிமிடம், மொத்தம் 16 மணித்தியாலப் பதிவு. பலர் ஒரே நேரத்தில் பேசும் வகுப்பறையை எழுத்தில் இறக்க, ஒரு மணித்தியாலப் பதிவுக்கு 8 மணித்தியாலம் போகும். 128 மணித்தியாலம், 16 நாள். பிறகு ஆங்கிலமாக்கம் தனி. தமிழ் எழுத்துப் பதிவிலேயே பகுப்பாய்வு செய்து, மேற்கோளாக வரும் பகுதிகளை மட்டும் ஆங்கிலமாக்குங்கள். பணமும் மிச்சம், பொருளும் சிதையாது.

மொழிபெயர்ப்புக்கு மூன்று வரி ஒதுக்குங்கள்: ஆக்கம், முதற்பிரதியைப் பார்க்காத வேறொருவர் செய்யும் மீளாக்கம், பிறகு ஒவ்வொரு மொழிமூலத்திலும் ஐந்தாறு பிள்ளைகளோடு உட்கார்ந்து "இந்தக் கேள்வி என்ன கேட்கிறது, சொல்லு பார்ப்போம்" என்று வாசிக்கவைப்பது. மூன்றாவதை விட்டுவிடுபவர்கள் அதிகம். வினாத்தாளில் கிடக்கும் குழப்பங்களில் பெரும்பகுதி அங்கேதான் பிடிபடும்.

ஆய்வு உதவியாளருக்கு ஊழியர் சேமலாப நிதி பொருந்துமா என்று நிதிப் பிரிவிடம் முன்கூட்டியே கேளுங்கள். பொருந்தினால் வேலைகொள்வோர் பங்கு 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதி 3 வீதம். இந்த 15 வீதத்தை மறந்தால் கடைசி இரண்டு மாதம் உதவியாளர் இருக்கமாட்டார்.

நாணய மாற்று பற்றி நம்மவர்களுக்கு விரிவுரை வேண்டாம். 2022 தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் அதே ஆண்டு மே மாதத்தில் 360 ஐத் தொட்டது. ரூபாயில் மடிக்கணினிக்கு ஒதுக்கியவர்கள் பாதி மடிக்கணினியோடு நின்றார்கள். இறக்குமதிப் பொருள்களை முதல் மூன்று மாதத்திலேயே வாங்கும்படி திட்டமிடுங்கள்.

படி 7: அனுமதிகள்

அறநெறி மீளாய்வு முதலாவது. 18 வயதுக்குக் குறைந்தவர்கள் என்பதால் பெற்றோரின் ஒப்புதல், பிள்ளையின் இணக்கம் இரண்டும் வேண்டும். கடிதம் பெற்றோர் வாசிக்கும் மொழியில் இருக்க வேண்டும். கொச்சிக்கடையிலோ மட்டக்குளியிலோ ஆங்கிலக் கடிதம் அனுப்பிவிட்டு "பெற்றோர் ஒத்துழைக்கவில்லை" என்று எழுதுவது சரியல்ல. மாணவர் பெயர், சுட்டெண், முகம் தெரியும் ஒளிப்பதிவு எல்லாம் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பார்வைக்குள் வருபவை. எங்கே சேமிப்பீர்கள், எப்போது அழிப்பீர்கள் என்று எழுதிவிடுங்கள்.

அடுத்தது பாடசாலைக்குள் போகும் அனுமதி. தேசிய பாடசாலை என்றால் பத்தரமுல்லை இசுறுபாயவில் உள்ள கல்வி அமைச்சு. மாகாணப் பாடசாலை என்றால் மேல் மாகாணக் கல்வித் திணைக்களம், அங்கிருந்து வலயக் கல்விப் பணிப்பாளர், பிறகு அதிபர். சர்வதேசப் பாடசாலை இந்தச் சங்கிலிக்குள் வராது, அதன் நிர்வாகத்தோடு நேராகப் பேச வேண்டும். உங்கள் மாதிரியில் மூன்று வகையும் கலந்திருந்தால் மூன்று தனித்தனி அனுமதி. மேலிருந்து கடிதம் வந்தாலும் அதிபரை நேரில் போய்ப் பார்ப்பதே வேலையை நடத்தும். "சேர், எந்த நாள் உங்களுக்கு வசதி?" என்று கேட்டால் கிடைக்கும் நாள், கடிதத்தில் குறித்த திகதியைவிட நம்பகமானது.

காலத்தைப் போடும்போது பாடசாலை ஆண்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இல்ல விளையாட்டுப் போட்டிக் காலத்தில் மதியத்துக்குப் பின் வகுப்பே இருக்காது. சாதாரண தர, உயர்தரப் பரீட்சைகளின்போது பல பாடசாலைகள் நிலையங்களாகிவிடும். முஸ்லிம் பாடசாலைகளுக்கு விடுமுறை அட்டவணை வேறு. தரம் 11 ஐ எந்த அதிபரும் தரமாட்டார், தரக்கூடாது என்பதும் நியாயம். தரம் 8 அல்லது 9 ஐ எடுங்கள். நிதி ஏற்பாடு கையெழுத்தாவதற்கும் முதல் பாடசாலைக்குள் நுழைவதற்கும் இடையில் நான்கு மாதம் வைத்தால்தான் திட்டம் தாங்கும்.

படி 8: அனுப்புவதும் திரும்பி வருவதும்

துறைத்தலைவர், பீடாதிபதி, பதிவாளர் ஆகியோரின் கையெழுத்துகளுக்கு இரண்டு வாரம் ஒதுக்குங்கள். இறுதி நாளுக்கு முந்தைய நாள் பீடாதிபதி வெளிநாட்டில் இருப்பார் என்பது எழுதப்படாத விதி.

அனுப்புமுன் இரண்டு பேரிடம் வாசிக்கக் கொடுங்கள்: ஒருவர் பௌதிகமோ கணிதமோ தெரிந்த, கல்வியியல் தெரியாதவர். மற்றவர் அதன் மறுபக்கம். முதலாமவர் "கட்டுப்பாட்டுக் குழு எங்கே" என்பார். இரண்டாமவர் "கோட்பாட்டுச் சட்டகம் எங்கே" என்பார். இரண்டு கேள்விக்கும் பதில் முதல் இரண்டு பக்கத்துக்குள் இருக்க வேண்டும்.

மறுப்பு வந்தால் மதிப்பீட்டுக் குறிப்பைக் கேட்டு வாங்குங்கள். தரும் இடங்களில் தருவார்கள். "முறையியல் தெளிவில்லை" என்று வந்தால் பெரும்பாலும் மாதிரிக் கணக்கோ பகுப்பாய்வுத் திட்டமோ இல்லை என்றே பொருள், திருத்தி மீண்டும் அனுப்பலாம். "எமது முன்னுரிமைக்குள் வரவில்லை" என்று வந்தால் திருத்தாதீர்கள், கதவை மாற்றுங்கள்.

படி 9: பணம் வந்த பின்

பணம் ஒரே தடவையில் வராது. தவணைகளாக வரும், அடுத்த தவணை முன்னேற்ற அறிக்கையில் தொங்கும். அறிக்கை பிந்தினால் உதவியாளரின் சம்பளமும் பிந்தும். திறமையான உதவியாளர்கள் திட்டத்தை விட்டுப் போவதற்கு மிகப் பொதுவான காரணம் இதுதான்.

கொள்வனவுக்கு வழக்கமாக மூன்று கொட்டேஷன் வேண்டும். விநியோகத்தர்களிடம் அவற்றைத் திட்டம் தொடங்கும் முன்பே எடுத்துவைக்கலாம், ஆனால் செல்லுபடிக் காலம் முடிந்த கொட்டேஷனை நிதிப் பிரிவு திருப்பி அனுப்பும். பாடசாலைகளுக்குப் போய்வரும் வாகனத்துக்கு ஓட்டப் பதிவேடு, பிள்ளைகளுக்குக் கொடுத்த சிற்றுண்டிக்குக் கடைப் பற்றுச்சீட்டு, ஆசிரியர்களின் மதிப்பூதியத்துக்குக் கையொப்பத் தாள். சிறு செலவுகளில்தான் கணக்காய்வு வினாக்கள் எழுகின்றன. பாதீட்டின் செலவுத் தலைப்புகளுக்கிடையே பணத்தை மாற்ற வேண்டியிருந்தால் செலவழிக்குமுன் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பின்னர் வாங்குவது அனுமதி அல்ல, விளக்கம்.

வாங்கிய மடிக்கணினியும் ஒலிப்பதிவுக் கருவியும் உங்கள் நிறுவனத்தின் சொத்துப் பதிவேட்டில் ஏற வேண்டும். இறுதி அறிக்கையுடன் அந்தப் பதிவின் பிரதி, செலவுக் கூற்று, பெயர் நீக்கிய தரவுக் கோப்பு, பங்கேற்ற ஒவ்வொரு பாடசாலைக்கும் அந்தப் பாடசாலையின் மொழியில் எழுதிய இரண்டு பக்க முடிவுக் குறிப்பு ஆகியவற்றையும் தயார்செய்துவிடுங்கள். கடைசியாகச் சொன்னதை நிதி நிறுவனம் கேட்பதில்லை. அதிபர்கள் கேட்பார்கள், கொடுத்தால் அடுத்த ஆய்வுக்கும் வாசல் திறப்பார்கள்.